முப்பத்தொன்று

மூன்று வயதுக்கான லெக்கிங்ஸ்.
தாழம்பூ மஞ்சள்.
முழங்கால் பக்கத்தில் ஒரு கிராம் கத்தரித்து
எழுபது டிகிரியில்
டைதயோனைட்டோடு அரைமணி நேரம் போட்டேன்.
இந்தச் சாயமெல்லாம்
இரண்டு நைட்ரஜன்கள் கைகோத்து நிற்பதுதான்.
கையை வெட்டினால் நிறம் போய்விடும்,
வெட்டுப்பட்ட இரு பக்கத்திலும்
அமீன் முளைத்திருக்கும்.

எந்த அமீன் என்று கேட்பது என் பிழைப்பு.
கூடாதவற்றின் பெயர்கள் சுவரில்,
ஓரத்தில் சந்தனம் வைத்த பிள்ளையார் காலண்டர்.
கிலோவுக்கு முப்பது மில்லிகிராம்.
மேலே போனால் கப்பல் ஏறாது.

இரவு பதினொன்றே கால். மங்கலம் சாலை.
கரண்ட் ஒருமுறை போய் வந்தது.
திரையில் ஒரு கோடு எழுந்து நின்றது:
மெத்திலீன் டைஅனிலின்.
முப்பத்தொன்று.

சாயப்பட்டறை: தெய்வசிகாமணி.
அந்தப் பெயரை நான் பில்லில் அல்ல,
கிணற்றில் படித்தவள்.
எட்டாவது போகையில் எங்கள் கிணறு
திங்கட்கிழமை ஊதா, வியாழன் செங்கல்.
தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது.
அப்பா மோட்டாரை விற்ற காசில்தான்
நான் எம்.எஸ்சி.

போன் வந்தது.
'ஏனுங்க அம்மிணி, நாலாயிரம் பீஸுங்க.
ஒன்னே ஒன்னுதானுங்களே கூட.
அந்தச் சாயத்த நானு தொடறதேயில்லீங்க.'
எல்லாரும் சொல்வதுதான்.
காலையில் ரிப்போர்ட் வரும் என்றேன்.
வைத்த பிறகும் கை இனித்துக் கிடந்தது.

ஒன்னே ஒன்னு.
வேதியியல் அந்த ஒன்றில்தானே நடக்கிறது.
ஐந்து கார்பன், இருமுனையிலும் அமீன்:
பிணம் ஊறும் வாடை.
ஆறு கார்பன்: நைலான்.
கொசுவலை, பல் துலக்கி, ஆட்டுக்குட்டி கட்டும் கயிறு.
நடுவே ஒரு கரித்துகள்.
(ஐந்திலிருந்தும் இப்போது நூல் இழுக்கிறார்களாம்.
அந்த இரவில் அது எனக்குத் தேவைப்படவில்லை.)

ஒரு மணிக்கு டீ ஆறிப்போயிருந்தது.
மிச்சத் துணியைச் சும்மா இழுத்துக்கொண்டிருந்தேன்.
நீண்டது. விட்டால் சுருங்கியது.
மறுபடியும் இழுத்தேன்.
பருத்திக்கு ஏது இந்தக் குணம்?

ஊசியால் பிரித்தேன்.
மஞ்சளுக்கு நடுவே
முடியிலும் மெல்லிய, நிறம் ஏறாத ஓர் இழை.
ஸ்பான்டெக்ஸ். நூற்றுக்கு ஐந்து.
ஐசோசயனேட்டும் ஆல்கஹாலும்
பிடித்த பிடி விடாமல் நீண்ட சங்கிலி.
பிடி தளர்ந்த இடத்தில் தண்ணீர் நுழைந்தால்
கார்பன் டை ஆக்சைடு கிளம்பிப் போகும்,
மிஞ்சி நிற்பது அமீன்.
அதே அமீன்.

சாயப்பட்டறை வாசலே மிதிக்காத கோன் ஒன்று
சாம்பிள் ரேக்கில் கிடந்தது. அதே லாட்.
வெந்நீர், டைதயோனைட், அரைமணி.
கோடு எழுந்தது
அதே நிமிடத்தில், இன்னும் உயரமாய்.

தெய்வசிகாமணி இதைச் செய்யவில்லை.

வெளியே நூல் லாரி ஒன்று
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே இருந்தது.
பொய் எழுதக்கூட வேண்டாம்.
கோனைப் பார்த்ததை எழுதாமல் விட்டால் போதும்.
முதல் பக்கம் ஒன்றே அவரைச் சாய்த்துவிடும்.
எங்கள் கிணற்றில் யாரும்
ஒரு கிராம் எடுத்ததில்லை.
இரண்டாம் முறை பார்ப்பது பிறகல்லவா.

நாலரைக்கு அடிக்குறிப்பு எழுதினேன்:
'இந்த அமீன் சாயத்தினுடையது அன்று;
பாலியூரிதேன் இழையிலிருந்து வந்திருக்கலாம்.'
வந்திருக்கலாம் என்பது லேபின் வழக்கமான சொல்தான்.
அதற்குள் மட்டும்
பழைய பாக்கி கொஞ்சம் வைத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்கு அவர் அழைத்தார்.
'நீங்க நல்லா இருக்கோணுஞ் சாமி.'
எந்த ஊருங்க என்று கேட்டார்.
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு பஸ் கிடைச்சுதுங்களா என்றார்.

பஸ் நொய்யல் பாலத்தில் நின்றது.
இன்று என்ன நிறம் என்று எட்டிப் பார்ப்பது
கழுத்துக்குப் பழகிவிட்டது.
பார்க்கக் குனிந்தபோது
என் சுடிதார் இடுப்பு நீண்டு கொடுத்து,
நிமிர்ந்ததும்
பழைய இடத்திலேயே வந்து இறுக்கியது.